இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: கடைசி மூன்று மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

“வயிற்றுப்பிள்ளையோடு மூத்ததைத் தூக்காதே” என்று சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. வந்து அந்தப் பிள்ளையைத் தூக்கத்தான் ஒருவரும் இல்லை. கணவர் விடியவே வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவார். அம்மா யாழ்ப்பாணத்தில். மாமிக்கு முழங்கால் ஏலாது. எட்டாம் மாத வயிற்றோடு இரண்டு வயதுப் பிள்ளையை நாள் முழுக்கத் தனியாகப் பார்க்கிற பெண்ணுக்குத் “தூக்காதே” என்ற சொல்லால் என்ன பயன்? மூத்தது ஓடித்திரிகிற வயதில் இருக்கும்போதே அடுத்தது வயிற்றில் வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வயிற்றில் 31 கிழமை. விசுவமடுப் பக்கம் வீடு. மூத்தவன் விறாந்தையில் பாயில் நித்திரையாகிவிட்டான். மழை தூறத் தொடங்கியது. குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, அப்படியே அறைப் பக்கம் திரும்பினேன். நாரியில் ஒரு பிடிப்பு. பிறகு இரண்டு நாள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் (எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம்) பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. “எங்கேயிருந்து தூக்கினீங்கள்?” என்று கேட்டார். “நிலத்திலயிருந்து” என்றேன். “அதுதான்” என்றார்.

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாட்களைக் கடத்தினேன். பாயில் படுக்கை, நிலத்தில் சாப்பாடு, கிணற்றடியில் குந்தியிருந்து குளிப்பு என்று எங்கள் பிள்ளைகளின் நாள் முழுக்க நிலத்தில்தான் போகிறது. அதனால் ஒவ்வொரு தரமும் நிலம் வரை குனிந்துதான் தூக்குகிறோம். அந்தப் பழக்கத்தை மாற்றினால் பாதிப் பாரம் குறையும்.

முதலில் கிளினிக்கில் ஒரு கேள்வி

இதில் உள்ளதெல்லாம் சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு. நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கானில் சொல்லியிருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், இரத்தம் பட்டிருந்தால், முந்தின பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்திருந்தால், வயிற்றில் இரட்டை என்றால், பிரஷர் கூடியிருந்தால், டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “மூத்த பிள்ளையைத் தூக்கலாமா? எத்தனை கிலோ வரைக்கும்?” பொதுவாக “பாரம் தூக்கலாமா” என்று கேட்டால் “தூக்கக்கூடாது” என்று ஒரு வரியில் பதில் வரும். அவர் நெல்லு மூட்டையை நினைத்திருப்பார். வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்யாணம் முடித்தோ வேலை மாற்றலாகியோ வன்னிக்குப் புதிதாக வந்தவர் என்றால், உங்கள் பகுதி எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கீழ் வருகிறது என்று விசாரித்து, அங்கேயே மிஸ்ஸின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். மூத்த பிள்ளையை நிறுக்கிற நாளும் உங்கள் கிளினிக் நாளும் ஒன்றாக வருமா என்றும் கேளுங்கள். ஒரு பயணம் மிச்சம்.

எவ்வளவு பாரம்

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது ஆண் பிள்ளையின் நடுத்தர நிறை 12.2 கிலோ, பெண் பிள்ளைக்கு 11.5. மூன்று வயதில் 14 கிலோவைத் தொடும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற நயோஷ் என்ற அரச நிறுவனத்தின் வழிகாட்டலில், 20 கிழமைக்குப் பிறகு இடையிடையே மட்டும் தூக்குவது என்றால், உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், ஏறக்குறைய 12 கிலோ. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தூக்குவது என்றால் ஏறக்குறைய 6 கிலோ. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவுக்குக் கீழேயிருந்து தூக்குவதைத் தவிர்க்கவும் சொல்கிறது. இது வேலைத்தளத்துக்கு எழுதிய கணக்கு, பெட்டி துள்ளாது, பிள்ளை துள்ளும். ஆனாலும் அளவு பிடிபடும். இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு நாளில் சில தரம், நல்ல உயரத்திலிருந்து தூக்கலாம். இருபது தரம், நிலத்திலிருந்து என்றால் கூடாது.

காரணமும் லேசாக விளங்கக்கூடியதுதான். கர்ப்பத்தில் சுரக்கிற ஹோர்மோன்கள் மூட்டுகளைப் பிடித்திருக்கிற நார்களை இளக்கிவிடும். இடுப்பெலும்பு பிரசவத்துக்கு விரிந்து கொடுக்க அது வேண்டும். ஆனால் அதே இளக்கம் நாரியையும் பலவீனமாக்குகிறது. வயிறு முன்னுக்குத் தள்ளுவதால் உடம்பின் சமநிலையும் முன்னுக்குச் சரியும். முந்தி பிள்ளையை நெஞ்சோடு ஒட்டித் தூக்கினீர்கள். இப்போது நடுவில் வயிறு இருக்கிறது. பிள்ளை தள்ளி நிற்கத் தள்ளி நிற்க நாரிக்குப் பாரம் ஏறும்.

ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்தில் தூக்கிவிட்டு இரவு முழுக்க “வயிற்றுப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது” என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல சுகமான கர்ப்பத்தில் ஒரு தரம் தூக்கியதால் வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் வராது. அடிபடுவது பெரும்பாலும் உங்கள் நாரிதான்.

பிள்ளையின் நாளை நிலத்திலிருந்து உயர்த்துங்கள்

இதை ஆறாம் மாதத்தில் தொடங்குங்கள். எட்டாம் மாதத்தில் தொடங்கினால் பிள்ளைக்குப் பழக நாள் போதாது, உங்களுக்குப் பொறுமையும் போதாது.

முதல் வேலை, ஏறப் பழக்குவது. ஒன்றரை வயது தாண்டிய பிள்ளை ஏறுவதற்குத் துடித்துக்கொண்டுதான் நிற்கும். இவ்வளவு நாளும் “ஏறாதே” என்று அதட்டினோம், இனி ஏறவிடுவோம். விறாந்தைக் குந்துக்குப் பக்கத்தில் ஆடாத ஒரு பனங்குற்றியோ சீமெந்துக் கல்லோ வையுங்கள். பிள்ளை குற்றியில் ஏறி, குந்தில் ஏறி நிற்கும். இப்போது அதன் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒரே உயரத்தில். அந்த இடத்திலிருந்து இடுப்புக்கு எடுப்பது தூக்குவதே இல்லை, அணைப்பதுதான். கட்டிலுக்கு ஒன்று, கதிரைக்கு ஒன்று என்று வீட்டுக்குள்ளும் இப்படிக் குற்றி வையுங்கள். “தூக்கு” என்று கையை நீட்டினால் “குந்துக்கு வாங்கோ, அம்மா தூக்குறன்” என்று சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் அழுகைதான். பிறகு பிள்ளையே குந்தில் ஏறி நின்று கூப்பிடும்.

உடுப்பு மாற்றுவதும் அங்கேதான். பம்பர்ஸ் மாற்ற நிலத்தில் படுக்கவைத்துக் குனியாதீர்கள். பிள்ளை குந்தைப் பிடித்து நிற்கட்டும், நீங்கள் கதிரையில் இருந்து மாற்றுங்கள். குளிப்பாட்டும்போது பிள்ளையைக் கல்லில் நிற்கவைத்து, நீங்கள் ஒரு ஸ்டூலில் இருங்கள். வாளியை நிறைக்காதீர்கள். பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோ, அதுவும் ஒரு பிள்ளைதான். பாதி வாளி இரண்டு தரம் போதும்.

சாப்பாடு கொஞ்சம் சிக்கல். நிலவைக் காட்டி, கோழியைக் காட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்து சோறு தீத்துகிற பழக்கம் எங்கள் பக்கம் வேரோடிப்போனது. அரை மணித்தியாலம் 12 கிலோவை இடுப்பில் வைத்திருக்கும் வேலை அது. குந்தில் இருத்தி அதே கோழியைக் காட்டலாம், கோழி ஓடிப்போகாது. பிள்ளை மிச்சம் விட்ட சோற்றை மட்டும் இந்த மாதங்களில் நீங்கள் சாப்பிடவேண்டாம். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சலத்திலும் சைற்றோமெகலோ என்ற வைரஸ் இருக்கக்கூடும். கர்ப்பத்தில் தொற்றினால் வயிற்றுப்பிள்ளைக்குப் போகலாம். பம்பர்ஸ் மாற்றினாலும் மூக்குத் துடைத்தாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்தது ஏணை. பழைய சீலையில் கட்டின ஏணையில் இரண்டு வயதுப் பிள்ளையையும் ஆட்டுகிற வீடுகள் உண்டு. ஏணைக்குள் கிடக்கிற பிள்ளையை எடுப்பது எல்லாவற்றிலும் மோசமான தூக்கல்: கையை நீட்டி, குனிந்து, ஆடுகிற துணிக்குள்ளிருந்து. புதுப்பிள்ளை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே மூத்ததை ஏணையிலிருந்து இறக்கி, துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். கொஞ்ச நாள் ஏணை கண்ணில் படாமல் இருந்தால், “என்ர ஏணையைத் தம்பி பறிச்சிட்டான்” என்ற வழக்கும் பிறகு வராது.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால்

எவ்வளவு செய்தாலும் நிலத்திலிருந்து தூக்க ஒரு நேரம் வரும். அப்போது இப்படி:

1. கிட்டப் போங்கள். பிள்ளை உங்கள் காலோடு முட்டும் அளவுக்குக் கிட்ட. முடிந்தால் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும் பிள்ளையைவிட நிற்கும் பிள்ளை பாதிப் பாரம்போல் இருக்கும்.

2. ஒரு காலை முன்னுக்கு வைத்து, மற்ற முழங்காலை நிலத்தில் ஊன்றுங்கள். இந்த வயிற்றோடு இரண்டு காலையும் மடக்கிக் குந்தி எழும்புவது கஷ்டம்.

3. பிள்ளையை முதலில் உங்கள் தொடையில் இருத்துங்கள். ஒரு மூச்சு விடுங்கள். இதுதான் இடைத்தங்கல்.

4. பிள்ளையின் கால்கள் வயிற்றின் பக்கவாட்டில் விழட்டும், வயிற்றின் மேல் ஏறவேண்டாம். பிள்ளை உங்கள் கழுத்தைப் பிடிக்கட்டும். ஒரு கை பிள்ளையின் கீழே, மற்றக் கை கதிரையிலோ சுவரிலோ.

5. மூச்சை வெளியே விட்டபடி தொடையால் எழும்புங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் வயிற்றுக்குள்ளும் அடிப்பகுதியிலும் அழுத்தம் கூடும்.

6. திரும்பவேண்டுமா, பாதத்தைத் தூக்கிவைத்துத் திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கக்கூடாது. நான் பட்டது இதில்தான்.

எழும்பின பிறகு நெடுநேரம் வைத்திருக்கவும் வேண்டாம். இடது இடுப்பிலேயே எப்போதும் வைத்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் இழுபடும், மாற்றி மாற்றி வையுங்கள். நடக்கும்போதும் கட்டிலில் திரும்பும்போதும் கவட்டின் நடு எலும்பில் நோ இருந்தால் இடுப்பில் வைப்பதையே நிறுத்திவிட்டு, இருந்தபடி மடியில் வையுங்கள். கிளினிக்கிலும் சொல்லுங்கள், அந்த நோவுக்குப் பயிற்சி இருக்கிறது. பார்மசியில் நாரி நோவுக்கு என்று கேட்டு எதையாவது வாங்கி விழுங்காதீர்கள். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற குளிசைகள் 20 கிழமைக்குப் பிறகு டொக்டர் சொல்லாமல் எடுக்கக்கூடாதவை.

அடம்பிடித்து ரோட்டில் விழுந்து புரளுகிற பிள்ளையை மட்டும் தூக்கவே வேண்டாம். துள்ளுகிற 12 கிலோ, வயிற்றில் ஒரு உதை, நீங்கள் சமநிலை தவறி விழுவது, எல்லாம் ஒரே நிமிடத்தில் நடக்கும். வாகனம் வராத இடமென்றால் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்கிற சனம் பார்க்கட்டும். வாகனம் வருகிற இடமென்றால் யோசிக்காமல் இழுத்தெடுங்கள், நாரியைப் பிறகு பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவரிடம் “இவனைக் கொஞ்சம் தூக்கி விடுங்கோ” என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

ஓட ஏலாது என்பதை மறக்காதீர்கள்

தூக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கூடுதல் பயம் தந்தது வேறு: இந்த மாதங்களில் நீங்கள் ஓடிப் பிடிக்க ஏலாது. பிள்ளையோ ஓடப் பழகிய புதிது. கட்டில்லாத கிணறு வளவில் இருந்தால் ஏழாம் மாதத்துக்கு முன் கட்டோ வேலியோ கம்பி மூடியோ போடுவித்துவிடுங்கள். கணவரின் மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகு. படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொழுக்கி. தண்ணீர் நிரம்பிய பேசினும் வாளியும் நிலத்தில் கிடக்கக்கூடாது, சின்னப் பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீரே போதும். வாய்க்காலும் குளமும் பக்கத்தில் உள்ள வளவுகளில் மாரியில் இன்னும் கவனம். “நில்” என்றதும் நிற்கிற விளையாட்டைப் பழக்குங்கள். ஓடு, நில், ஓடு, நில். நூறு தரம் விளையாடினால் ஒரு தரம் உண்மையிலேயே உதவும்.

இரவும் பாலும்

28 கிழமைக்குப் பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். மூத்ததுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தலகணி வையுங்கள். நித்திரையில் படுகிற சின்ன உதையால் வயிற்றுப்பிள்ளைக்கு ஆபத்தில்லை, தண்ணீர்க்குடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் உங்கள் நித்திரை கெடும். பாயிலிருந்து நேரே எழும்பாதீர்கள். பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலில் நின்று, கதிரையைப் பிடித்து எழும்புங்கள். பிள்ளை அழுதால் எழுந்து தூக்குவதற்கு முதல் கிடந்தபடியே தட்டிப் பாருங்கள். பாதி இரவுகள் அதோடு முடியும்.

மூத்தது இன்னும் பால் குடிக்கிறது என்றால், “வயிற்றோடு பால் கொடுக்கக்கூடாது” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் கொடுக்கலாம். கர்ப்பம் வளர வளரப் பால் குறைந்து, பிறகு சீம்பாலாக மாறும். ருசி மாறுவதால் பல பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிடும். மாதம் நிறையாமல் பிரசவ நோ வரும் என்ற பயம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுத் தொடருங்கள்.

வெயிலும் வண்டியும்

சித்திரை வெயிலிலும் கச்சான் காற்றிலும் உடம்பு தண்ணீர் வற்றினால் வயிறு கல்லுப்போல் இறுகும். நிழலில் இருந்து தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் விடும். தலைசுற்று இருக்கிறபோது பிள்ளையோடு எழும்பவே கூடாது. கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மாரியில் முற்றமெல்லாம் சேறு, தேய்ந்த செருப்பை எறிந்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் அப்பா, நடுவில் பிள்ளை, பின்னால் வயிற்றோடு அம்மா என்று கிரவல் ரோட்டில் போவதை நான் விரும்பமாட்டேன். வேறு வழியில்லை என்று போனாலும், இறங்கும்போது நீங்கள் முதலில் வெறுங்கையோடு இறங்குங்கள். பிறகு பிள்ளையை அப்பா இறக்கட்டும்.

எப்போது உடனே போகவேண்டும்

இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைந்து தண்ணீர் போவது, வயிற்றுப்பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைவது, 37 கிழமைக்கு முன் விட்டுவிட்டு ஒழுங்காக நோ வருவது, கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, காய்ச்சல். இதில் எது வந்தாலும் விடியும் வரை பார்க்காதீர்கள். பிள்ளையோடு விழுந்தாலோ வயிற்றில் பலமாக அடிபட்டாலோ, நோ இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். நச்சுக்கொடி பிரிவது வெளியே தெரியாமலும் தொடங்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உள்ளூர் ஒழுங்கைக்குள் வீடு என்றால் கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று அடையாளம் சொல்லப் பழகி வையுங்கள்.

அந்த நேரம் மூத்தது யாரிடம்? பிரசவ விடுதிக்குள் பிள்ளையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கிளிநொச்சியோ முல்லைத்தீவு மாஞ்சோலையோ வவுனியாவோ, எந்த ஆஸ்பத்திரி என்றாலும் இதுதான். 36 கிழமையிலேயே ஆளை முடிவு செய்யுங்கள்: அம்மம்மா, அப்பம்மா, பக்கத்து வீட்டு அக்கா. அவரோடு இரண்டு மூன்று இரவு படுக்க விட்டுப் பழக்குங்கள். இரவில் நோ பிடித்தால் கூப்பிட இன்னொருவரும் இருக்கட்டும், ஏனென்றால் முதல் ஆளின் போனில் சார்ஜ் இருக்காது.

பிறந்த பிறகு

இவ்வளவு பழக்கமும் கூடுதலாக உதவுவது பிறந்த பிறகுதான். சிசேரியன் என்றால் ஏறக்குறைய ஆறு கிழமைக்குப் புதுப்பிள்ளையைவிடப் பாரமான ஒன்றையும் தூக்கக்கூடாது. மூத்தது அதைவிட மூன்று நாலு மடங்கு பாரம். சாதாரணப் பிரசவம் என்றாலும் முதல் சில கிழமை அடிவயிறு பாரம் தாங்காது. ஆறாம் மாதத்தில் குற்றியில் ஏறப் பழகின பிள்ளைக்கு அப்போது நாலு மாதப் பயிற்சி இருக்கும். “தம்பி வந்ததால அம்மா தூக்கிறேல்லை” என்று அது நினைக்காது, அதற்கு முதலே அது தானாக ஏறப் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வரும்போது புதுப்பிள்ளையை வேறு யாராவது தூக்கிக்கொண்டு பின்னால் வரட்டும். நீங்கள் வெறுங்கையோடு முன்னால் வந்து விறாந்தைக் குந்தில் இருங்கள். மூத்தது ஓடிவந்து, குற்றியில் கால் வைத்து, ஏறி, உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். சின்னதை அதற்குப் பிறகு காட்டலாம்.